நல்லூர் டு சூலூர்: சுமை தூக்கும் இயந்திரங்கள் தோகை விரிக்கும் வானம்

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்துவிட்டால், மறுநாள் திருப்பூருக்குத் திருநாள்தான். காங்கேயம் சாலையில் இருக்கும் நல்லூரும் அப்படியே. வாரம் முழுக்க பவர்டேபிள் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த தெருக்கள், ஞாயிறு காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் கண் விழிக்கும். விசுவேசுவர சுவாமி கோயிலில் மணி அடிக்கும். கறிக்கடை முன்னால் கூட்டம் நிற்கும். குளித்து முடித்த பிள்ளைகள், "இன்னிக்கு எங்கப்பா போறோம்?" என்று ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பேச்சில் திருமூர்த்தி அணை வரும், பழநி வரும், ஊட்டி வரும். சூலூர் அதிகம் வராது. அது கோவை போகிற வழியில் பஸ் நின்று கிளம்பும் ஓர் ஊர், அவ்வளவுதான் பலருக்கு. ஆனால், உலகத்தில் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஹெலிகாப்டர் சாகச அணிகளில் ஒன்று குடியிருப்பது அந்தச் சூலூரில்தான். நல்லூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம். அணியின் பெயர் 'சாரங்'. மயில் என்று அர்த்தம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூலூர் விமானப் படைத் தளம் சுற்றுலாத் தலம் அல்ல. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆனாலும் இந்தப் பயணம் வீண் போகாது. ஒரு மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினால், அடுத்த முறை தலைக்கு மேலே 'தடதட' என்று சத்தம் கேட்கும்போது அண்ணாந்து பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

கோழியும் கல்லும் விமானமும்

நல்லூர் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைவதற்கு முன்பு தனி நகராட்சியாக இருந்த ஊர். அங்கிருந்து திருப்பூர் வந்து தெற்கே திரும்பினால் பல்லடம். வழியெல்லாம் பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், குடோன்கள். பல்லடத்தை நெருங்கும்போது காட்சி மாறும். விசைத்தறிச் சத்தம் ஒரு பக்கம், கோழிப் பண்ணைகள் ஒரு பக்கம். கறிக்கோழி என்றாலே பல்லடம் என்று சொல்லும் அளவுக்கு இந்தத் தொழில் இங்கே வேரூன்றியிருக்கிறது. இந்தக் கோழிக்கும் விமானத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

பல்லடத்தில் கோவை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் காரணம்பேட்டை. கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த பகுதி. அதைத் தாண்டி, சூலூர் ஊருக்கு முன்னாலேயே வருகிறது காங்கயம்பாளையம். அங்கேதான் விமானப் படைத் தளம். காங்கேயம் சாலையில் கிளம்பியவர்கள் காங்கயம்பாளையத்தில் வந்து நிற்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

இந்தப் பக்கத்துக் காட்டோரங்களில் மயில்களுக்குப் பஞ்சமே இல்லை. கொங்கு விவசாயிகளைக் கேட்டால், "விதைச்சதைக் கிளறிட்டுப் போயிருதுங்க" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த மயிலின் பெயரையே சுமந்துகொண்டு வானத்திலும் ஒரு கூட்டம் பறக்கிறது.

பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் விமானச் சத்தம் புதிதல்ல. 'தேஜஸ்' போர் விமானங்களின் முதல் இரண்டு ஸ்குவாட்ரன்களும் சூலூரில் இருந்திருக்கின்றன. 45-வது ஸ்குவாட்ரன் 2018-ல் இங்கே வந்தது. 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் இங்கே மறுபிறவி எடுத்தது. ஆனால், ஜெட் விமானத்தின் சீறல் வேறு, சாரங் ஹெலிகாப்டர்களின் சத்தம் வேறு. ஜெட் வந்த சுவடு தெரிவதற்குள் போய்விடும். ஹெலிகாப்டர்கள் தறி ஓடுவதுபோல ஒரு தாளத்தோடு வரும். கொஞ்ச நேரம் நின்று விளையாடும்.

கடலே இல்லாத ஊரில் கடற்படை

சூலூர் தளத்தின் கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் கடற்படை, தன் விமானங்களைப் பராமரிக்கும் பணிமனையாக இதைப் பயன்படுத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகும் கடற்படையின் தொடர்பு விடவில்லை. இன்று கோவாவில் இருக்கும் 'ஐ.என்.எஸ். ஹன்சா' என்ற கடற்படை விமானத் தளம், 1961 செப்டம்பரில் முதன்முதலில் செயல்பாட்டுக்கு வந்தது சூலூரில்தான். 1964-ல் அது கோவாவுக்கு இடம் மாறியது. அலையையே பார்க்காத ஊர், சில வருடங்கள் இந்தியக் கடற்படை விமானங்களின் வீடாக இருந்திருக்கிறது.

பிறகு விமானப் படையின் பழுதுபார்ப்பு நிலையம், ஏ.என்.-32 சரக்கு விமானங்கள், ஹெலிகாப்டர்கள், தேஜஸ் என்று தளம் வளர்ந்தது. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' என்ற பன்னாட்டுப் போர்ப் பயிற்சியின் முதல் கட்டம் இங்கே நடந்தபோது ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டு விமானங்கள் சூலூர் ஓடுபாதையில் வந்து இறங்கின. பனியன் ஏற்றுமதியில் திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான நாடுகளின் கொடிகள், அந்த வாரம் பக்கத்து ஊர் வானத்தில் பறந்தன.

வேலைக்காரக் குதிரை ஆடும் ஆட்டம்

சாரங் அணி உருவானது 2003 அக்டோபரில். அடுத்த சில மாதங்களிலேயே, 2004-ல், சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் முதல் பொது நிகழ்ச்சி. அதன்பின் ஜெர்மனி, பிரிட்டன், அமீரகம், பஹ்ரைன், மொரிஷியஸ் எனப் பல நாடுகள். 2021 மார்ச்சில் இலங்கை விமானப் படையின் 70-வது ஆண்டு விழாவுக்காக, கொழும்பு காலிமுகத்திடல் வானத்திலும் சாரங் ஆடியது.

அணி பறப்பது 'துருவ்' ஹெலிகாப்டர்களில். பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனம் வடிவமைத்துத் தயாரிக்கும் இந்த ஹெலிகாப்டர் முதன்முதலில் பறந்தது 1992 ஆகஸ்ட் 20. சிவப்பு உடம்பில் மயில் ஓவியம் தீட்டிய 4 அல்லது 5 ஹெலிகாப்டர்கள் ஒரு நிகழ்ச்சியில் பறக்கும்.

துருவ் ஆடுவதற்காகச் செய்த வண்டி அல்ல. படைவீரர்களை ஏற்றிச் செல்ல, மலை உச்சி முகாமுக்கு மூட்டை கொண்டுபோக, காயம்பட்டவரைத் தூக்கி வரச் செய்த வண்டி. 12 பேர் உட்காரலாம். முழுச் சுமையோடு கிளம்பும்போது 5,500 கிலோ வரை எடை இருக்கும். தலைக்கு மேல் சுழலும் விசிறியின் குறுக்களவு மட்டும் சுமார் 13 மீட்டர். அதாவது, ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்.

இப்படி நான்கு விசிறிகள் பக்கத்தில் பக்கத்தில் சுழல, ஒரே உடம்புபோல நான்கும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஹெலிகாப்டரும் கீழே தள்ளும் காற்று பக்கத்தில் வருவதை அலைக்கழிக்கும். அதையும் சமாளிக்க வேண்டும். மற்ற விமானிகளின் கண் முழுக்க முன்னால் போகும் தலைவரின் ஹெலிகாப்டர்மீதுதான். தலைவர் சாய்ந்தால் அவர்களும் சாய வேண்டும். தரை எங்கே, வானம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

முதலில் வைரம்போல ஓர் அடுக்கு. பிறகு அம்புமுனைபோல. கையில் ஏந்தும் ஒயின் கோப்பைபோல. அதன்பிறகு பிரிவார்கள். இரண்டு ஹெலிகாப்டர்கள் நேருக்கு நேர் பாய்ந்து வந்து, மோதிவிட்டன என்று பார்ப்பவர்கள் மூச்சைப் பிடிக்கும் கணத்தில் விலகிப் போகும். ஒன்று மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏறி, வேகம் முழுக்கக் கரைந்து, ஒரு நொடி வானத்தில் தொங்கி, வாலைச் சுழற்றிக் கீழே பாயும். டால்பின் துள்ளல் என்று ஒன்று: கடலில் டால்பின்கள் எழுந்து விழுவதுபோலவே இருக்கும். வெள்ளைப் புகை மட்டும் அவை போன பாதையை வரைந்துவிட்டு மெல்லக் கலையும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதல்ல. ஒரு டி-ஷர்ட் உருவாக வேண்டுமென்றால் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று அத்தனை கைகளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு கை தாமதித்தால் பீஸ் குவிந்துவிடும். பனியன் லைனில் பிசகினால் போவது ஒரு பண்டல். மேலே பிசகினால் போவது உயிர்.

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. 2007 பிப்ரவரி 2 அன்று, பெங்களூரு யெலஹங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்தபோது சாரங்கின் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஒரு விமானி உயிரிழந்தார். அணி அதோடு கலைந்துவிடவில்லை. 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் விழுந்து மூவர் இறந்ததும், நாடெங்கும் துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. அடுத்த மாதம் நடந்த ஏரோ இந்தியா, மயில்கள் இல்லாமலே முடிந்தது.

நான்கு குதிரை வீரர்கள்

சுமை தூக்கும் விமானத்தை ஆடவைத்தது இந்தியா மட்டுமா? இல்லை. இதற்கு முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தார்கள். 1957-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஆர்ட்மோர் தளத்தில், சி-130 ஹெர்குலிஸ் விமானங்கள் புதிதாக வந்து சேர்ந்திருந்த நேரம். நான்கு என்ஜின், 40 மீட்டருக்கும் அதிகமான இறக்கை நீளம், காலியாக இருந்தாலே 25 டன்னுக்கு மேல் எடை. பாராசூட் வீரர்களை இறக்கும் ஒரு வேலை தள்ளிப்போக, காத்திருந்த நான்கு விமானக் குழுவினர் சும்மா இருக்காமல் நெருங்கி அணிவகுத்துப் பறந்து பார்த்தார்கள். விளையாட்டாகத் தொடங்கியது, 'நான்கு குதிரை வீரர்கள்' என்ற சாகச அணியாகவே ஆகிவிட்டது.

போர் விமானங்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த மேடையில், நான்கு யானைகள் வரிசையாக வந்து பரதம் ஆடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கூட்டம் வாய் பிளந்தது. ஆனால், 1960-லேயே அணி கலைக்கப்பட்டது. விபத்தோ சண்டையோ காரணமல்ல. அந்த விமானங்களுக்கு வேறு வேலை இருந்தது. சரக்கு ஏற்ற விமானம் தேவைப்பட்டபோது, ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுமை தூக்கப் போய்விட்டார்கள்.

அந்த ஹெர்குலிஸின் புதிய தலைமுறை விமானங்கள் 2011 முதல் இந்திய விமானப் படையிலும் பறக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' சாகச அணியோ, தன் சாமான்களைச் சுமக்க ஒரு ஹெர்குலிஸ் வைத்திருக்கிறது. செல்லப் பெயர் 'ஃபேட் ஆல்பர்ட்', அதாவது குண்டு ஆல்பர்ட். ஊர் ஊராகச் சாமான் சுமந்து வரும் அந்தக் குண்டர், கூட்டத்துக்கு முன்னால் தானும் ஒரு சுற்று ஆடிக் காட்டிவிட்டுத்தான் ஓய்வெடுப்பார்.

காயலான் கடையிலிருந்து வந்த வீரன்

இந்தியாவிடமும் அப்படி ஒரு முதியவர் இருக்கிறார். பெயர் 'பரசுராமா'. இரண்டாம் உலகப் போர்க் கால டகோட்டா விமானம்.

டகோட்டாவை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். வானத்து லாரி என்று சொல்லலாம். இரண்டு என்ஜின், 29 மீட்டர் இறக்கை, 28 படைவீரர்களுக்கு இடம். 1947 அக்டோபர் 27 காலையில், காஷ்மீரைக் காப்பாற்ற சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்கள்தான். 1948 மே 24 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங், அதுவரை எந்த விமானமும் இறங்கியிராத, 11,000 அடிக்கும் மேல் உயரத்தில் இருக்கும் லே பள்ளத்தாக்கில் டகோட்டாவை இறக்கிக் காட்டினார்.

பிறகு காலம் மாறியது. டகோட்டாக்கள் ஓய்வு பெற்றன. பல, பழைய இரும்பு விலைக்குப் போயின. 2011-ல் அப்படி அயர்லாந்தில் காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் விலைக்கு வாங்கினார். அவருடைய தந்தை ஏர் கமோடர் எம்.கே. சந்திரசேகர், இந்திய விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். அப்பா ஓட்டிய வண்டியை மகன் தேடிப்பிடித்து, பிரிட்டனில் வருடக்கணக்கில் செப்பனிட்டு, விமானப் படைக்கே பரிசாகக் கொடுத்தார்.

2018 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் கவன்ட்ரியிலிருந்து கிளம்பிய அந்த விமானம், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி, பஹ்ரைன், ஓமன் எனத் தங்கித் தங்கி, ஏப்ரல் 25 அன்று குஜராத்தின் ஜாம்நகரில் வந்து இறங்கியது. சுமார் 9,750 கிலோமீட்டர் பயணம். அதன் வாலில் எழுதியிருக்கும் வி.பி. 905 என்ற எண், 1947-ல் ஸ்ரீநகருக்குப் போன டகோட்டாவின் நினைவாக வைத்தது.

மெரினாவில் நடந்தது

தமிழ்நாட்டு மக்கள் இந்த முதியவரையும் சாரங்கையும் ஒரே நாளில் பார்த்தார்கள். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப் படையின் 92-வது ஆண்டு விழாவுக்காகச் சென்னை மெரினாவில் வான் சாகசம். சூர்யகிரண் ஜெட்கள் சீறின. சாரங் மயில்கள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. அவற்றோடு டகோட்டாவும் பழைய 'ஹார்வர்ட்' பயிற்சி விமானமும் பறந்தன. டகோட்டா குட்டிக்கரணம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. தாத்தா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்து வந்தாலே வீடு கை தட்டுமே, அதுபோல அது பறந்ததே சாகசம்.

ஆனால், அந்த நாளின் நினைவு இனிப்பாக முடியவில்லை. லட்சக்கணக்கானவர்கள் கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற முயல, பஸ்ஸிலும் ரயிலிலும் இடமில்லாமல் சாலைகள் திணறின. பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வானத்தில் விநாடி பிசகாமல் எல்லாம் நடந்த நாளில், தரையில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். வான் சாகசம் பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பமும் மறக்கக் கூடாத நாள் அது.

ஆட்டத்துக்குப் பின்னால்

சூலூர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆட்டம் வாழ்க்கையின் ஒரு பகுதிதான். 2013-ல் உத்தரகாண்ட் வெள்ளத்தில் 'ஆபரேஷன் ராஹத்', 2017-ல் ஒக்கி புயல், 2018-ல் கேரள வெள்ளத்தில் 'ஆபரேஷன் கருணா'... இந்த மீட்புப் பணிகள் எல்லாவற்றிலும் சாரங் அணி இறங்கியிருக்கிறது. மேடையில் டால்பினாகத் துள்ளிய அதே கைகள், மழையிலும் மேகத்திலும் ஹெலிகாப்டரை ஆடாமல் அசையாமல் நிறுத்தி ஆட்களைக் காப்பாற்றப் போயிருக்கின்றன. கூட்டத்தின் முன்னால் செய்யும் பயிற்சி வீணாகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இழப்புகளும் இந்த ஊருக்கு உண்டு. சூலூரைச் சேர்ந்த 33-வது ஸ்குவாட்ரனின் ஏ.என்.-32 சரக்கு விமானம் ஒன்று, 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர் இருந்தார்கள். வங்காள விரிகுடாவுக்கு மேலே அது மறைந்துபோனது. ஏழு வருடங்களுக்கும் மேலாக அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடைத்திருப்பதாக 2024 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது.

2021 டிசம்பர் 8 யாருக்கும் மறந்திருக்காது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உள்பட 14 பேரோடு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் கிளம்பியது சூலூர் ஓடுபாதையிலிருந்துதான். நேரம் காலை 11.48. வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த அந்த ஹெலிகாப்டரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15-ல் போய்ச் சேர்ந்தார். தமிழ்நாட்டு மக்கள் சாலையின் இரு பக்கமும் நின்று அந்த உடல்களுக்குப் பூத்தூவி அனுப்பிவைத்தார்கள்.

மயிலுக்குப் பறவைதான் பகை

விமானத்துக்கு ஆபத்து எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. ஒரு பருந்து போதும். வேகமாகப் போகும் விமானத்தில் ஒரு பறவை மோதினால் கண்ணாடி நொறுங்கலாம், என்ஜின் நின்றுபோகலாம். பறவைகள் ஏன் ஓடுபாதைப் பக்கம் கூடுகின்றன? கீழே தின்னக் கிடைக்கிறது, அதனால்தான்.

கறிக்கடைக் கழிவு, கோழி இறகு, குடல், செத்த கோழி இவற்றை மூட்டை கட்டி ரோட்டோரத்திலோ குளக்கரையிலோ வீசிவிட்டுப் போனால், மறுநாள் அந்த இடத்துக்கு மேலே பருந்துகள் வட்டமடிக்கும். அதனால்தான், விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கண்ட இடத்தில் கால்நடைகளை அறுக்கவோ கழிவு கொட்டவோ கூடாது என்று 1937-ம் வருடத்து இந்திய விமான விதிகளிலேயே தடை சேர்த்திருக்கிறார்கள்.

கோழிக்குப் பேர்போன பல்லடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு குறைவு. அப்படியானால், சூலூர் வட்டாரத்தில் ஒரு கழிவு மூட்டை சரியான இடத்துக்குப் போகிறதா, சாலையோரம் விழுகிறதா என்பதுகூட மேலே பறக்கும் ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மயில் பேர் வைத்த அணிக்குப் பறவையே பகையாகாமல் பார்த்துக்கொள்வது தரையில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் போய், அங்கே கோவை பஸ்ஸில் ஏறினால் சூலூரில் இறங்கலாம். சொந்த வண்டியில் நல்லூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

தளத்தின் மதில் ஓரத்தில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பது, வீடியோ எடுப்பது, டிரோன் விடுவது எல்லாம் கூடாது. பாதுகாப்புப் பகுதி. "சும்மா ஒரு ரீல்ஸ்தானே" என்று நினைத்தால், விசாரணையில்தான் போய் முடியும்.

பயிற்சிக்கு வெளியாட்களுக்குச் சொல்லும் அட்டவணை எதுவும் கிடையாது. சாலையில் போகும்போது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். விழாக்கள், கண்காட்சிகளுக்குப் பொதுமக்களை அனுமதிக்கும்போது முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதைக் கவனித்துப் போவதே முறை.

வான் சாகசம் பார்க்கப் போனால் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தொப்பி, பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது அவசியம். வயதானவர்கள், கைக்குழந்தைகளோடு கூட்டத்தின் நடுவில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த உடனே ஓடாமல், அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம்.

சூலூரில் நொய்யல் தண்ணீர் நிரப்பும் குளங்கள் இருக்கின்றன. சாயங்கால நேரத்தில் குளக்கரைக் காற்று சுகமாக இருக்கும். திருப்பூருக்கு நடுவே ஓடும் அதே நொய்யல்தான் இங்கேயும் வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். நேரமிருந்தால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இயந்திரங்களைப் பிடித்த பிள்ளைகளுக்கு அது இன்னொரு விருந்து.

பொழுது சாயும்போது வண்டி நல்லூருக்குத் திரும்பும். மறுநாள் திங்கள்கிழமை. காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். டிபன் பாக்ஸோடு பெண்கள் ஏறுவார்கள். பவர்டேபிள்கள் மறுபடி தடதடக்கத் தொடங்கும். சூலூரில் அதே நேரம், மயில் வரைந்த ஹெலிகாப்டர் ஒன்றைச் சுற்றி டெக்னீஷியன்கள் நின்று, திருகு திருகாகச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு இடத்திலும் கை சுத்தமாக இருந்தால்தான் சரக்கு நன்றாக வரும்.